பெப்டைடு ஊசி டோஸ் கணக்கிட ஒரு ஆப்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சர்க்கரை நோய்க்கும் எடை குறைப்புக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூட்டைடு, டிர்செபடைடு, எலும்புப்புரைக்குத் தினமும் போடும் டெரிபாரடைடு, இன்சுலின் எல்லாமே பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) மருந்துகள்தான். டாக்டர் சீட்டு எழுதி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறார். வீட்டுக்கு வந்து போனில் தேடினால் டோஸ் கணக்கிடும் ஆப்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண், கண்ணைக் கவரும் வரைபடம். எதை நம்புவது என்று மட்டும் தெரியாது. பலவற்றை நிறுவி, சோதித்து, அழித்து, கடைசியில்தான் எனக்கு ஒன்று அமைந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். எவ்வளவு மருந்து என்பதை முடிவு செய்வது டாக்டர். ஆப்புக்கு இரண்டே வேலை: டாக்டர் சொன்ன மில்லிகிராமைச் சிரிஞ்சில் எந்தக் கோடு என்று மாற்றிச் சொல்வது, எப்போது எங்கே போட்டீர்கள் என்று குறித்து வைப்பது. உங்கள் எடையையும் வயதையும் வாங்கிக்கொண்டு "இவ்வளவு போடுங்கள்" என்று தானே சொல்லும் ஆப்பை நிறுவ வேண்டாம்.

1. உங்களுக்கு எந்த வகை ஆப் தேவை?

உங்கள் மருந்து பேனா ஊசியாக வருகிறதா? அப்படியானால் கணக்கிடும் ஆப் தேவையே இல்லை. பேனாவிலேயே அளவு குறித்திருக்கும், அல்லது ஒரே ஒரு டோஸ்தான் உள்ளே இருக்கும். நினைவூட்டலும் பதிவும் போதும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் ஹெல்த் ஆப்பிலேயே மருந்து நினைவூட்டும் வசதி இருக்கிறது. அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். முதலில் அதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

குப்பியிலிருந்து நீங்களே சிரிஞ்சில் எடுக்கிறீர்கள் என்றால் கணக்கீடு தேவை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்குத்தான்.

இன்சுலின் போடுபவர்களின் கணக்கு வேறு. சாப்பிடும் மாவுச்சத்து, இப்போதைய சர்க்கரை அளவு, முன்பு போட்ட இன்சுலினில் உடலில் மிச்சமிருப்பது என்று பலவும் அதில் சேரும். அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்ற ஆப்களை, உங்கள் டாக்டர் அமைத்துக் கொடுத்த எண்களோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும். பொதுவான பெப்டைடு கால்குலேட்டரில் இன்சுலின் கணக்கைப் போடாதீர்கள்.

இன்னொரு வகைக் குப்பியும் இருக்கிறது. "ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று லேபிள் ஒட்டி இணையத்தில் விற்பார்கள். எந்த ஆப்பும் லேபிளில் உள்ள எண்ணை வைத்துத்தான் கணக்கைத் தொடங்கும். அந்த எண்ணுக்கே யாரும் பொறுப்பேற்காதபோது அதன்பின் வரும் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை. நான் இங்கே சொல்வதெல்லாம் டாக்டர் எழுதி, மருந்தகத்தில் வாங்கிய மருந்துக்கு மட்டும்.

2. ஆப்பைத் திறப்பதற்கு முன் காகிதங்களை எடுத்து வையுங்கள்

நான்கு வேண்டும். மருந்துச் சீட்டு, குப்பியின் லேபிள், சிரிஞ்சு வந்த பாக்கெட், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் உள்தாள். நான்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் உள்தாளையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு தேடுபவர்கள்தான் அதிகம்.

சீட்டில் டோஸ் மில்லிகிராமிலோ மைக்ரோகிராமிலோ இருக்கிறதா என்று பாருங்கள். "10 யூனிட்" என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, எத்தனை மில்லிகிராம், எந்த அடர்த்திக்கு (ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மி.கி.) என்று டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். காரணம் எளிது. ஒரு மில்லிலிட்டரை 100 யூனிட்டாகப் பிரித்த சிரிஞ்சில், ஒரு மில்லிலிட்டருக்கு 2.5 மி.கி. உள்ள குப்பியிலிருந்து 10 யூனிட் எடுத்தால் 0.25 மி.கி. அடுத்த மாதம் 5 மி.கி. அடர்த்தியில் குப்பி வந்தால், அதே 10 யூனிட்டில் 0.5 மி.கி. உடலுக்குள் போகும். கோடு மாறவில்லை, மருந்து இரட்டிப்பாகிவிட்டது.

இது கற்பனையான பயம் இல்லை. 2024-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்காகவே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. மருந்தகங்கள் கலந்து கொடுத்த செமாக்ளூட்டைடு குப்பிகளிலிருந்து தாங்களே எடுத்துப் போட்டவர்களில் சிலர், எழுதிக் கொடுத்ததைப் போல் 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் மூன்றும் குழம்பியதே முக்கியக் காரணம்.

சிரிஞ்சு பாக்கெட்டில் யூ-100 என்று இருக்கிறதா, யூ-40 என்று இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். யூ-100 சிரிஞ்சில் ஒரு மில்லிலிட்டர் 100 யூனிட். யூ-40 சிரிஞ்சில் அதே மில்லிலிட்டர் 40 யூனிட்தான்.

3. ஒரே ஒரு தடவை தாளில் கணக்குப் போடுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஆப் சொல்வது சரியா தவறா என்று கண்டுபிடிக்க உங்கள் கையில் ஒரு விடை இருக்க வேண்டும்.

முதலில் அடர்த்தி. குப்பியில் உள்ள மொத்த மில்லிகிராமை மொத்த மில்லிலிட்டரால் வகுக்க வேண்டும். 5 மி.கி. தூளை மருந்தகம் சொன்னபடி 2 மி.லி. நீரில் கரைத்தால், ஒரு மில்லிலிட்டருக்கு 2.5 மி.கி.

அடுத்து எடுக்க வேண்டிய அளவு. டோஸை அடர்த்தியால் வகுங்கள். டோஸ் 0.25 மி.கி. என்றால் 0.25 ÷ 2.5 = 0.1 மி.லி.

கடைசியாகக் கோடு. யூ-100 சிரிஞ்சு என்றால் 100-ஆல் பெருக்க, 10 யூனிட். யூ-40 என்றால் 40-ஆல் பெருக்க, 4 யூனிட். யூ-40 சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு யூ-100 விடையான 10 யூனிட் கோடு வரை இழுத்தால் 0.25 மி.லி. வரும். அதாவது இரண்டரை மடங்கு மருந்து.

இன்னும் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். 250 மைக்ரோகிராமும் 0.25 மில்லிகிராமும் ஒன்றேதான். அப்புறம், மருந்தின் வீரியத்தைச் சொல்லும் சர்வதேச யூனிட்டும் சிரிஞ்சில் உள்ள யூனிட் கோடும் ஒன்றில்லை. வளர்ச்சி ஹார்மோனான சோமட்ரோபினில் 1 மி.கி. என்பது 3 சர்வதேச யூனிட். அது சிரிஞ்சில் 3 யூனிட் கோடு என்று அர்த்தமில்லை. இன்சுலின் சிரிஞ்சின் கோடுகள் இன்சுலினுக்காகப் போடப்பட்டவை. மற்ற மருந்துகளுக்கு அவை வெறும் கன அளவு.

விடை இரண்டு, மூன்று யூனிட் என்று மிகச் சிறியதாக வந்தால், கோட்டைப் படிப்பதில் வரும் சின்னப் பிசகே டோஸில் பெரிய பங்காகிவிடும். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மி.லி. சிரிஞ்சுகள் இருக்கின்றன. மருந்தாளுநரிடம் கேளுங்கள். கரைக்கும் நீரின் அளவை நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

போட்ட கணக்கை மருந்தாளுநரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

4. ஆப்புக்குப் பரீட்சை வையுங்கள்

இப்போதுதான் ஆப்பைத் திறக்க வேண்டும். முதலில் உங்கள் தாளில் உள்ள எண்களைக் கொடுங்கள். அதே விடை வரவில்லை என்றால் காரணம் தேடி நேரத்தைச் செலவிடாமல் அடுத்த ஆப்புக்குப் போய்விடுங்கள்.

சரியான விடை வந்துவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். சரியான எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலான ஆப்கள் சரியாகத்தான் சொல்லும். தவறான எண்ணைக் கொடுக்கும்போது என்ன செய்கிறது என்பதில்தான் தரம் தெரியும். 2015-இல் இன்சுலின் டோஸ் கணக்கிடும் 46 ஆப்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் 31 ஆப்கள் பொருந்தாத டோஸைச் சொல்லிவிடும் ஆபத்தில் இருந்தன. 42 ஆப்கள் உள்ளிடும் எண் நியாயமானதா என்று சரிவரப் பார்க்கவில்லை. 27 ஆப்கள், ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூடக் கணக்குப் போட்டு விடை கொடுத்தன. அவை இன்சுலின் ஆப்கள், ஆண்டுகளும் ஓடிவிட்டன. ஆனால் எந்த இடத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

ஆகவே வேண்டுமென்றே தவறு செய்யுங்கள்.

• நீரின் அளவை எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டுக் கணக்கிடும் பொத்தானை அழுத்துங்கள். ஏதாவது எண் வந்தால் அந்த ஆப் வேண்டாம்.

• 0.25-க்குப் பதில் 25 என்று கொடுங்கள். மௌனமாக "1000 யூனிட்" என்று காட்டுகிறதா, அல்லது "இது சிரிஞ்சின் கொள்ளளவைத் தாண்டுகிறது" என்று நிறுத்துகிறதா? நிறுத்துவதுதான் நல்ல ஆப்.

• தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போட்டு 2,5 என்று எழுதுங்கள். சில மொழி அமைப்புகளில் காற்புள்ளிதான் தசமக் குறி. அதைக் கண்டுகொள்ளாத ஆப் 2,5-ஐ 25 ஆக்கிவிடலாம். போனின் மொழியையும் வட்டாரத்தையும் மாற்றி மறுபடி ஒருமுறை பாருங்கள்.

• மில்லிகிராமில் எண்ணைப் போட்டுவிட்டு, அலகை மைக்ரோகிராமுக்கு மாற்றுங்கள். 0.25 என்பது 250 ஆகிறதா, அல்லது 0.25 அப்படியே இருந்து அலகு மட்டும் மாறுகிறதா? எப்படி நடந்துகொண்டாலும், திரையில் பெரிதாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். மூலையில் சின்ன எழுத்தில் அலகு போடும் ஆப்பை நான் ஒதுக்கிவிடுவேன்.

• சிரிஞ்சு வகையைக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காமலேயே யூ-100 என்று எடுத்துக்கொள்ளும் ஆப்கள் உண்டு. உங்களிடம் இருப்பது யூ-40 என்றால் அது நேரடி ஆபத்து.

• விடையோடு வழியையும் காட்டுகிறதா? அடர்த்தி இவ்வளவு, மில்லிலிட்டர் இவ்வளவு, யூனிட் இவ்வளவு என்று மூன்றும் தெரிந்தால் உங்கள் தாளோடு வரிவரியாக ஒப்பிடலாம். "10" என்று ஒற்றை எண்ணை மட்டும் நீட்டினால் எதை நம்பி ஊசியை நிரப்புவது?

அரை என்பதை .5 என்று எழுதாமல் 0.5 என்றும், ஐந்து என்பதை 5.0 என்று எழுதாமல் 5 என்றும் ஆப் காட்ட வேண்டும். புள்ளி கண்ணில் படாமல் போனால் .5 ஐந்தாகிவிடும், 5.0 ஐம்பதாகிவிடும். மருத்துவமனைகளில் மருந்து எழுதுபவர்களுக்குச் சொல்லித் தரும் விதி இது. ஆப் செய்பவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பது முதல் திரையிலேயே தெரிந்துவிடும்.

5. நினைவூட்டல் உண்மையில் ஒலிக்கிறதா?

வாரம் ஒருமுறை ஊசிக்கு இதுதான் உயிர். தினசரி மாத்திரை பழக்கமாகிவிடும், வாராந்தர ஊசி அப்படி ஆவதில்லை.

ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பின்னணியில் உள்ள ஆப்களை உறங்க வைத்துவிடும். அமைப்புகளில் போய் இந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். அறிவிப்பு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஐபோனில் ஃபோகஸ் (தொந்தரவு செய்யாதே போன்ற அமைப்பு) இயங்கும் நேரத்தில் அறிவிப்பு அடங்கிவிடலாம். மறுநாளைக்கு ஒரு பொய் நினைவூட்டல் வைத்து, போனைப் பூட்டி வைத்துச் சோதியுங்கள். பத்து நிமிடத்தில் ஒலித்துவிட்டது என்று திருப்தி அடையாதீர்கள், இரவு முழுக்கக் கிடந்த போனில் ஒலிக்க வேண்டும். வேறு நேர மண்டலத்துக்குப் பயணம் போனால் நேரம் எப்படி மாறும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போன டோஸ் விஷயத்தில் ஆப்பின் பேச்சைவிட உள்தாளின் பேச்சுக்கே மதிப்பு. மருந்துக்கு மருந்து விதி மாறும். சர்க்கரை நோய்க்கான வாராந்தர செமாக்ளூட்டைடு ஓசெம்பிக் விட்டுப்போனால் 5 நாளுக்குள் போடலாம், டிர்செபடைடு என்றால் 4 நாளுக்குள். அதைத் தாண்டினால் அதை விட்டுவிட்டு வழக்கமான நாளில் அடுத்ததைப் போட வேண்டும். சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது. எல்லா மருந்துக்கும் ஒரே விதியை வைத்திருக்கும் ஆப்பில் அந்தப் பகுதியை அணைத்துவிடுங்கள்.

டோஸ் கூட்டுவதும் அப்படித்தான். செமாக்ளூட்டைடு பொதுவாக 0.25 மி.கி.-இல் தொடங்கி நான்கு வாரம் கழித்து 0.5 மி.கி.-க்குப் போகும். டிர்செபடைடு 2.5-இல் தொடங்கி 5-க்குப் போகும். சில ஆப்கள் இந்த அட்டவணையைத் தாமாகவே நகர்த்திவிடும். வாந்தி, குமட்டல் தாங்காமல் டாக்டர் உங்களைப் பழைய டோஸிலேயே இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொல்லியிருப்பார், ஆப்புக்கு அது தெரியாது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உங்களிடம் கேட்டு உறுதி செய்யும் ஆப்பாகப் பாருங்கள்.

6. பதிவில் என்னென்ன இருக்க வேண்டும்

நாள், நேரம், மில்லிகிராம், எடுத்த யூனிட், குப்பியின் அடர்த்தி, ஊசி போட்ட இடம், பக்கவிளைவு. மில்லிகிராமும் யூனிட்டும் இரண்டும் பதிவாக வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். யூனிட் மட்டும் இருந்தால் ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவுக்கு அர்த்தமே இருக்காது.

வயிறு, தொடை, மேற்கை என்று உள்தாள் அனுமதிக்கும் இடங்களில் மாற்றி மாற்றிப் போட வேண்டும். கடைசியாகப் போட்ட இடத்தைப் படத்தில் காட்டும் ஆப் மிகவும் உதவும். குப்பியையோ பேனாவையோ திறந்த தேதியைக் குறிக்கவும் வசதி வேண்டும். டெரிபாரடைடு பேனாவைத் தொடங்கிய 28 நாளில், உள்ளே மருந்து மிச்சமிருந்தாலும், தூக்கிப் போட வேண்டும். மற்றவற்றுக்கு உள்தாளில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டாவது முறை பதிய முயன்றால் "ஏற்கெனவே போட்டாயிற்று" என்று எச்சரிப்பது பெரிய பாதுகாப்பு, குறிப்பாக வீட்டில் வேறொருவர் ஊசி போட்டுவிடும்போது.

உடலில் எவ்வளவு மருந்து மிச்சமிருக்கிறது என்று வளைகோடு வரைந்து காட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. செமாக்ளூட்டைடு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம், டிர்செபடைடுக்கு ஏறக்குறைய ஐந்து நாள் என்ற சராசரிகளை வைத்து வரைகிறார்கள். உங்கள் ரத்தத்தை யாரும் அளக்கவில்லை. அந்தக் கோடு கீழே இறங்குகிறதே என்று ஒருநாள் முன்னதாக ஊசியை எடுக்கத் தோன்றும். இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

7. உங்கள் தகவல் யாரிடம் போகிறது?

டாக்டரிடம் சொன்ன ரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நீங்களாக நிறுவும் ஆப்புக்கு அது அப்படியே பொருந்தும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் குட்ஆர்எக்ஸ் என்ற மருந்து விலைத் தள்ளுபடி நிறுவனம், பயனர்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததற்காக 2023-இல் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

கணக்கு தொடங்காமலேயே பயன்படுத்த முடிகிறதா, விமானப் பயன்முறையில் போட்டாலும் கணக்கிடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் நல்ல அறிகுறி. ஸ்டோர் பக்கத்தில் உள்ள தனியுரிமை அட்டவணை ஆப் தயாரித்தவரே நிரப்பியது என்பதை மறக்காதீர்கள். ஒரு டோஸ் கணக்குக்குத் தொடர்புப் பட்டியலும் இருப்பிடமும் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆப்புக்குள்ளேயே பெப்டைடு விற்கும் கடை இருந்தால் நிறுவாதீர்கள். மருந்து விற்பவருக்கு நீங்கள் கூடுதலாகப் போட்டால் லாபம்.

8. பணம் கட்டும் முன்

இரண்டு வகுத்தலும் ஒரு பெருக்கலும் செய்வதற்குப் பணம் கேட்கிறார்கள் என்றால் வேண்டாம். நினைவூட்டல், பதிவு, ஏற்றுமதி நன்றாக இருந்தால் கொடுக்கலாம். அதிலும் ஒரு பொறி உண்டு: பதிவு செய்வது இலவசம், பதிவை வெளியே எடுக்கப் பணம். மூன்று மாதம் எழுதிய பிறகுதான் இது தெரியவரும். முதல் நாளே இரண்டு பொய்ப் பதிவு போட்டு, பிடிஎஃப் அல்லது சிஎஸ்வி கோப்பாக எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் சந்தா தானாகவே தொடங்கிவிடும். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக ரத்து செய்ய வேண்டும். சோதனையைத் தொடங்கிய அன்றே காலண்டரில் குறித்து வையுங்கள். ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரியும். முதல் மாதம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

9. முதல் மாதம்

முதல் நான்கு வாரம் ஆப்பிலும் ஒரு நோட்டிலும் சேர்த்து எழுதுங்கள். முதல் ஊசிக்கு முன், சிரிஞ்சில் எந்தக் கோடு என்று மருந்தாளுநரையோ செவிலியரையோ கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். புதுக் குப்பி, புதுச் சிரிஞ்சு, புது டோஸ் எது வந்தாலும் தாள் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் பழைய குப்பியை நகலெடுத்துப் புதியதாக்காமல், புதிதாகவே உள்ளிடுங்கள்.

அளவு தவறிப் போட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆப்பில் விடை தேட வேண்டாம். உடனே டாக்டரையோ நச்சு உதவி மையத்தையோ அழையுங்கள். வாராந்தர மருந்துகள் உடலில் பல நாள் தங்குவதால் வாந்தியும் சர்க்கரை இறக்கமும் நீடிக்கலாம், கண்காணிப்பும் நீள வேண்டியிருக்கும். எத்தனை மி.கி., எந்த அடர்த்தி, எப்போது என்று உங்கள் பதிவு அப்போது அவர்களுக்கு உடனே பயன்படும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது முழுப் பதிவையும் நீட்டாமல், கடைசி நான்கு முதல் எட்டு வாரத்தை ஒரு பக்கத்தில் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் பார்ப்பது விட்டுப்போன டோஸும் பக்கவிளைவும்தான்.

10. ஆப்பை மாற்றும்போது

வரிசை முக்கியம். முதலில் பதிவுகளைக் கோப்பாக எடுத்து, திறந்து பார்த்து, தேதியும் டோஸும் சரியாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அடுத்து ஸ்டோரில் சந்தாவை ரத்து செய்யுங்கள். போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது, பணம் போய்க்கொண்டே இருக்கும். பிறகு ஆப்புக்குள் உள்ள கணக்கு நீக்கும் பொத்தானை அழுத்தி, நீக்கியதற்கான மின்னஞ்சல் வரும்வரை காத்திருங்கள். கடைசியாகத்தான் போனிலிருந்து ஆப்பை அழிக்க வேண்டும். புது ஆப்பில் அடுத்த ஊசியின் நாளையும் கடைசியாகப் போட்ட இடத்தையும் அன்றே உள்ளிட்டுவிடுங்கள்.